இடது கன்னம்

அந்தத் தெருவிலிருந்து வெளிநாடு போன யாரும் ஸ்டுடியோக்காரரின் ஸ்டூலில் உட்காராமல் போனதில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற கடை அது. முன்னால் ஒரு கண்ணாடி மேஜை, உள்ளே வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, ஏற்றி இறக்குகிற ஸ்டூல். பின்கதவைத் திறந்தால் நேரே வீட்டுச் சமையலறை. கடை நேரத்தில் மிளகாய் வறுத்தால் படத்துக்கு உட்கார்ந்த ஆள் தும்மித் தொலைப்பார் என்பதால், ஸ்டுடியோக்காரரின் மனைவி விடிந்ததுமே சமையலை முடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவாள்.

ஆட்களை உட்கார வைப்பது, காலரை இழுத்துவிடுவது, அச்சாகி வந்த படங்களைக் கட்டரில் வைத்து நறுக்குவது, உறையில் போட்டுக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. "காதைக் காட்டுங்க. முடியை ஒதுக்குங்க. சிரிக்காதீங்க, விசா வந்தப்புறம் சிரிச்சுக்கலாம்" என்பாள். அதைக் கேட்டு ஆட்கள் சிரித்துவிடுவார்கள். அப்புறம் அவர்கள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு எந்த அளவு, நெற்றி எவ்வளவு தெரிய வேண்டும், தாடைக்குக் கீழே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் ஸ்டுடியோக்காரருக்குத் தண்ணிபட்ட பாடு. "நம்ம கடைப் படம் இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அது உண்மைதான். மற்ற படங்களில் தொங்கிய தாடையைத் தூக்கி, நரையைக் கருப்பாக்கி, கிழவர்களை மாப்பிள்ளைகளாக்கிக் கொடுக்கிற மனிதர், விசாப் படம் என்றால் ஒரு மருவைக்கூடத் தொடமாட்டார்.

மகளின் ஃபோன் வந்தபோது ஒரு கைக்குழந்தையைப் பாஸ்போர்ட்டுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை விடாமல் கொட்டியது. குழந்தை கண்ணைத் திறந்தால் வாயையும் திறந்தது, வாயை மூடினால் கண்ணையும் மூடிக்கொண்டது. அவள் கிலுகிலுப்பையைக் கணவர் கையில் திணித்துவிட்டு ஃபோனோடு சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, பதறாம கேளு. பிரஷர் குறையவே மாட்டேங்குது. இதுக்கு மேல பிள்ளையை உள்ள வச்சிருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் புதன்கிழமை ஆபரேஷன்."

"அடுத்த மாசக் கடைசின்னுதானடி சொன்னாங்க?"

"அப்ப சொன்னாங்க. இப்ப இப்படிச் சொல்றாங்க." மகள் தேதியை இன்னொரு தடவை சொன்னாள். பிறகு, "இந்தத் தடவை நீ வந்துடும்மா" என்றாள்.

இந்தத் தடவை என்று அவள் சொன்னதுதான் தாய்க்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே மகள். கல்யாணமாகி அந்தக் குளிர் நாட்டுக்குப் போய் நாலு வருஷம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அப்போது பள்ளிக்கூடங்களில் குரூப் ஃபோட்டோ எடுக்கிற சமயம். "இந்த ஆர்டரை முடிச்சுட்டு ரெண்டு பேருமா போவோம்" என்றார் ஸ்டுடியோக்காரர். முடித்துவிட்டுக் கூப்பிட்டபோது மகள் வீடு திரும்பி, ஆக்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். "இப்ப வந்து என்னம்மா பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டாள். அதில் கோபமே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே ஏரோப்பிளேனைக் கூப்பிட்டார்கள். அவர் டிக்கெட், விசா எல்லாம் பார்த்துக் கொடுக்கிறவர். ஊரில் பாதிப்பேரைப் பறக்க விட்டவர் இன்றுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை; ஏரோப்பிளேன் என்ற பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஐரோப்பா விசாவை நாலஞ்சு வேலை நாள்ல கேக்கறீங்க. அவன் சாதாரணமா நாப்பது கேள்வி கேப்பான்" என்றார்.

"முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க அண்ணே."

"ஆஸ்பத்திரி லெட்டரைப் பொண்ணு அனுப்பட்டும். அவசரம்னு போட்டு வியாழக்கிழமைக்கு நேரம் வாங்குறேன். பேப்பர்ல ஒரு குறை இருக்கக் கூடாது. ஃபோட்டோவைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல." டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "அது உங்க வீட்டுச் சமாச்சாரம்."

சாயந்திரம் கடைசி ஆளும் போனபின் ஸ்டுடியோக்காரர் மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்தார். எத்தனையோ பேருக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னார். "காதைக் காட்டு. தலையைக் கொஞ்சம் தூக்கு. சிரிக்காத."

"நான் எங்க சிரிக்கிறேன்?"

"சிரிக்கிற மாதிரி இருந்துச்சு."

"எனக்கு அழுகைதான் வருது. அதுக்கு என்ன சட்டம்?"

படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அவள் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தாள். அச்சாகி வந்த தாளை வழக்கம்போல் கட்டரில் வைத்து, ஓரம் பிசகாமல் நறுக்கி, உறையில் போட்டாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

*

விசா மையம் நகரத்தில், ஒரு வங்கிக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. டோக்கன் எண் வந்ததும் இருவரும் கவுண்டருக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மகள் வயதில் ஒரு பெண். தாள்களை மளமளவென்று பார்த்துக்கொண்டே வந்தவள், படத்தை எடுத்ததும் நின்றாள். படத்தைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"மேடம், இது எப்ப எடுத்த ஃபோட்டோ?"

"முந்தாநாள்மா."

"முந்தாநாளா?" அந்தப் பெண் சங்கடத்தோடு தன் கன்னத்தையே தொட்டுக் காட்டினாள். "அப்ப, இங்க..."

இவள் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. கண்ணுக்குக் கீழே தொடங்கி, காதுப்பக்கம் அகன்று, தாடை விளிம்பில் வால் மாதிரி முடிகிற கருஞ்சிவப்பு மச்சம். பிறந்தபோதே இருந்தது. விரலைப் போட்டு மூடினாலும் முழுசாக மூடாது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிடந்த படத்தில் கன்னம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

தன் கையால் நறுக்கிய படம். அப்போது ஏன் கண்ணில் படவில்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது. கண்ணாடியில் பார்க்கிற முகத்தில் மச்சம் இருக்கும், படத்தில் இருக்காது. இத்தனை வருஷமாக அப்படித்தான். படத்தில் இருக்கிறது தன் முகம்தானா என்று சோதித்துப் பார்க்கிற பழக்கமே அவளுக்கு இல்லாமல் போய்விட்டது.

திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"கை பழக்கதோஷம்" என்று முணுமுணுத்தார். "சத்தியமா எனக்கே தெரியாது."

"ஃபோட்டோ பெரிய விஷயமில்ல சார், இங்க பூத்லயே எடுத்துக்கலாம்" என்றாள் கவுண்டர் பெண். பிறகு பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். அதிலும் அதே வழவழப்பு. அதற்கும் இவர் எடுத்த படத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். "இதுதான் பிரச்சினை. ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய் மேலதிகாரியை அழைத்துவந்தாள்.

அவர் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிய மனிதர். நிதானமாகப் பேசினார். "இந்தம்மாவை நான் சந்தேகப்படல. ஆனா விசா கொடுக்கிறது நாங்க இல்ல. நாங்க வாங்கி அனுப்புறவங்க. பூத்ல எடுக்கிற படத்துல மச்சம் இருக்கும், பாஸ்போர்ட்ல இருக்காது. ஒரு ஆளு இன்னொரு ஆளு பாஸ்போர்ட்ல போகப் பாக்குறாங்கன்னு அங்க உக்காந்திருக்கிறவன் நினைச்சான்னா, கதை முடிஞ்சுது."

"புதன்கிழமை என் பொண்ணுக்கு ஆபரேஷன் சார்" என்றாள்.

"லெட்டர் பார்த்தேம்மா. நாளைக்கு மத்தியானம் தூதரகத்துக்குப் பை போகுது. அதுக்குள்ள ஒண்ணு செய்யுங்க. இந்த மச்சம் உங்களுக்கு ரொம்ப நாளா இருக்குன்னு தெரியற மாதிரி பழைய ஃபோட்டோ ஒண்ணு கொண்டாங்க. நான் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புறேன்."

ஸ்டுடியோக்காரருக்குப் போன உயிர் வந்துவிட்டது. "அவ்வளவுதானே சார்? நான் ஃபோட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். ஒண்ணு என்ன, ஒரு மூட்டை கொண்டுவரேன்."

பூத்தில் படம் எடுத்தார்கள், பத்து விரலையும் அழுத்தச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு மூட்டையில் என்ன இருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ஆல்பங்களை இறக்கினார்கள். கல்யாண ஆல்பம், மகள் பிறந்தது, மகளைப் பள்ளியில் சேர்த்தது, கடல் பார்க்கப் போனது, மகள் கல்யாணம். தூசி பறக்கப் பறக்க ஸ்டுடியோக்காரர் பக்கங்களைப் புரட்டினார். முதலில் வேகமாகப் புரட்டினார். பிறகு மெதுவாக. பிறகு புரட்டுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் இருந்தாள், ஒன்றில்கூட மச்சம் இல்லை.

"கடல்ல எடுத்ததுல இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

"அலையில போயிருக்கும்" என்றாள் அவள்.

அவளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஊருக்கெல்லாம் முகம் எடுத்துக் கொடுக்கிற மனிதர் வீட்டில், கட்டிய மனைவிக்கு முகம் இல்லை. ஆல்பங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு எழுந்து போய் அரிசியைக் களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு ஏரோப்பிளேன் வந்தார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்? பாஸ்போர்ட் எடுத்ததுக்கு அப்புறம் வந்ததுன்னு சொல்லிடுங்க. வெந்நீர் கொட்டிடுச்சு, ஆவி அடிச்சிடுச்சு, ஏதோ ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்."

ஸ்டுடியோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நல்ல யோசனையா இருக்கே."

"நல்ல யோசனைதான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவள் ஈரக்கையோடு வந்து கதவில் நின்றாள். "பொறந்ததுல இருந்து என் கூடவே இருக்கு. படத்துல இல்லாம பண்ணியாச்சு. இனி பேச்சுலயும் இல்லைன்னு நானே வாயால சொல்லணுமா?"

"அண்ணி, காரியம் ஆகணும்ல?"

"ஆகணும்தான். பொய் சொன்னாத்தான் என் பொண்ணைப் பார்க்கலாம்னா ஒன்பது பொய் சொல்லுவேன். ஆனா நாளைக்கு அங்க ஒரு டாக்டர் பார்த்து, இது தீக்காயமே இல்லைன்னு சொல்லிட்டா? அப்ப பாதி வழியில திருப்பி அனுப்புவான். நீங்களா வந்து பிள்ளையை வாங்குவீங்க?"

ஏரோப்பிளேன் குடையை எடுத்துக்கொண்டார்.

பக்கத்துக்கடைத் தையல்காரிக்கு இவள் என்றால் உயிர். "உங்க வீட்டுக்காரர் எடுத்ததை விடு. என் ஃபோன்ல எத்தனை எடுத்திருக்கேன், அதுல எவன் கை வச்சான்?" என்று மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடை திறந்தநாள், அவள் தங்கை வீட்டு விருந்து, இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாவற்றிலும் இவள் இருந்தாள். எல்லாவற்றிலும் வலதுகன்னம் மட்டும் தெரிந்தது. ஒன்றில் திரும்பியிருந்தாள், ஒன்றில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்திருந்தாள், ஒன்றில் தையல்காரியின் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தை ஒளித்திருந்தாள்.

"நீ எப்பவும் இந்தப் பக்கமாத்தானே நிப்ப. நான் அதை உன் ஸ்டைலுன்னு நினைச்சேன்" என்றாள் தையல்காரி, குரல் இறங்கி.

இவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழித்தார் என்று காலையிலிருந்து பொருமிக்கொண்டிருந்தாள். அவர் இல்லாத இடத்தில் அழித்தது யார்? மகளுக்கு அனுப்பின படத்தில்கூட ஒருபக்கமாகத்தான் நின்றிருக்கிறாள். புதன்கிழமைக்குள் போக முடியவில்லை என்றால் அதற்கு அவர் மட்டும் காரணம் என்று இனிச் சொல்ல முடியாது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தையல்காரி போன பிறகு ஸ்டுடியோக்காரர் பீரோவுக்கு மேலிருந்த பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே பழைய நெகட்டிவ் ஃபிலிம்கள், ஒவ்வொன்றும் பட்டர் பேப்பரில் சுற்றி. அதில் ஒன்றைத் தேடியெடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இங்க வாயேன்" என்றார்.

"என்ன?"

"உங்கப்பா உன்னை முதல்ல கூட்டிட்டு வந்தாரே. அந்தப் படம்."

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டும் என்று அப்பா அவளை இதே கடைக்கு அழைத்துவந்தார். கடையில் அப்போது ஒல்லியாக ஒரு பையன் இருந்தான். அவன்தான் இவர். படம் ரொம்ப நன்றாக வந்தது, மச்சமே இல்லாமல். படத்தைப் பார்த்து மூன்று குடும்பம் வந்தது. மூன்றும் நேரில் பார்த்துவிட்டு, படத்தில் ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. அப்பா கொதித்துப்போய்க் கடைக்கு வந்து, "உன்னாலதான்டா எனக்கு இந்த அவமானம்" என்று தெருவே கேட்கக் கத்தினார். அடுத்த வாரம் இந்தப் பையன் தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்து, "எனக்குக் கொடுங்க. நான் ஏற்கெனவே பார்த்தாச்சு" என்றான். அவன் அப்படிச் சொன்னதற்காகத்தான் அவள் சம்மதித்தாள்.

"இதுல மச்சம் இல்லையே" என்றாள்.

"இல்லாத மாதிரி தெரியும். அப்பல்லாம் கம்ப்யூட்டர் ஏது? ஃபிலிம் மேல பென்சிலால தீட்டுவோம். ஃபிலிம்ல எல்லாம் தலைகீழ். மச்சம் வெள்ளையா இருக்கும். அது மேல பென்சில் தீட்டினா சுத்தி இருக்கிற தோலோட கலந்துடும். மச்சம் அடியிலதான் இருக்கு. மேல இருக்கிறது பென்சில் பொடி."

"அப்ப துடைச்சா?"

"போயிடணும்."

"போயிடணும்னா? போகுமா போகாதா?"

"நான் தீட்டினதை நான் துடைச்சுப் பார்த்ததில்ல."

மேஜை விளக்கைப் போட்டார். ஒளிப்பலகையில் ஃபிலிமை வைத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, பிழிந்து, ஒற்றினார். தேய்த்தால் ஃபிலிம் கெட்டுவிடும் என்பதால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பஞ்சு சாம்பல் நிறமானது. இன்னொரு பஞ்சு எடுத்தார். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு மறுபடி ஒற்றினார்.

"மெல்ல, கிழிச்சிடாதீங்க" என்றாள்.

"மூச்சு விடாம இரு."

கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் ஒரு வெளிச்சத் திட்டு தெரிந்தது. முதலில் கண்ணுக்குக் கீழே, பிறகு காதோரம், கடைசியில் தாடையில் வால். அவர் கேமராவை மேலே நிறுத்தி ஃபிலிமைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கருப்பு வெள்ளையை மாற்றினார். திரையில் இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். இரட்டைப் பின்னல், இறுக்கிப் பிடித்த உதடு, இடது கன்னத்தில் மச்சம்.

அவள் அந்த முகத்தைப் படத்தில் பார்ப்பது அதுதான் முதல்தடவை. எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறேன் என்று நினைத்தாள். அப்படி நினைக்க வெட்கமாக இல்லை. வருத்தமாக இருந்தது.

"எதுக்குங்க அழிச்சீங்க?" என்று கேட்டாள். "அப்ப அழிச்சது அப்பா சொல்லி. கல்யாணத்துக்கு அப்புறம் யார் சொன்னா?"

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "மூணு குடும்பம் உன்னைப் பார்த்துட்டு எழுந்து போச்சு. இனி எவனும் உன் படத்தைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"படத்தைப் பார்த்துச் சுளிக்கல. என்னைப் பார்த்துச் சுளிச்சாங்க. நீங்க அழிச்ச ஒவ்வொரு தடவையும், உங்களுக்கும் அது பிடிக்கலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

"ஐயோ, அப்படியில்ல."

"அப்படியில்லைன்னு யார்கிட்ட சொன்னீங்க? கம்ப்யூட்டர்கிட்டயா?"

அவர் அந்தப் படத்தை அச்சுக்குக் கொடுத்தார். அவள் எழுந்து போய்ச் சோற்றைப் போட்டாள். இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

*

மறுநாள் மேலதிகாரி அச்சுப் படத்தை நேற்று பூத்தில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதே மச்சம்தான். ஆனா சார், நீங்க ஃபோட்டோக்காரர். அழிக்கத் தெரிஞ்சவருக்குப் போடத் தெரியாதான்னு அவன் கேப்பான்."

ஸ்டுடியோக்காரர் உறையிலிருந்து ஃபிலிமை எடுத்து நீட்டினார். மேலதிகாரி விளிம்பைப் பிடித்து வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "ஃபிலிம் பார்த்து எத்தனை காலம் ஆச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "எப்ப இருந்து அழிக்கிறீங்க?"

"இந்தப் படத்துல இருந்து சார்."

"பாஸ்போர்ட்டுக்கும்?"

"எல்லாத்துக்கும். அவ ஒருத்தி படத்துக்கு மட்டும் கை தானா போயிடும். தப்பு என்னோடது. அவளுக்குத் தெரியாது."

வரிசையில் நின்ற நாலைந்து பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு படமும் திரும்பி வந்ததில்லை என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. அவர் சொல்ல வேண்டியதுதான் என்று தோன்றியது.

"குறிப்பு எழுதறேன். ஃபிலிமையும் கூட வைக்கிறேன், திரும்பி வரும். வந்ததும் பாஸ்போர்ட்டை மாத்திடுங்கம்மா" என்றார் மேலதிகாரி. "முடிவு அவங்க கையில. அதை நான் சொல்ல முடியாது."

சனி, ஞாயிறு கழிந்தன. அவள் பெட்டியைக் கட்டவில்லை. கட்டினால் வராமல் போய்விடுமோ என்று ஒரு பயம். தினமும் மகள், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பாள். "வந்துடும்" என்பாள் இவள். ஃபோனை வைத்த பிறகு, வராவிட்டால் மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டரில் ஒரு தாளை வைத்து நறுக்கும்போது, பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி விசா மையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. நறுக்கு கோணலாகிவிட்டது. படத்துக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே வாங்கிய உறையைப் பிரித்தது திரும்பும் பஸ்ஸில் வைத்துத்தான். உள்ளே பச்சையும் நீலமுமாக விசா ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பூத்தில் எடுத்த அவள் முகம், தூக்கம் கெட்ட கண்ணோடு, மச்சத்தோடு. ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"லைட்டிங் சரியில்ல" என்றார்.

"நீங்க வாயை மூடுங்க" என்றாள். ஒரு வாரத்தில் முதல்தடவையாக இருவரும் சிரித்தார்கள்.

அன்று இரவே விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "இன்னும் என் மேல கோவமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

"திரும்பி வந்து சொல்றேன். ஃப்ரிட்ஜ்ல முட்டை இருக்கு. அடுப்பை அணைச்சீங்களான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க."

*

மாப்பிள்ளை வேலை முடித்த கையோடு, கையில் மாவு காய்ந்திருக்க, வந்து அழைத்துப்போனான். ஆஸ்பத்திரியில் மகளைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வீங்கி, கால் வீங்கி, பச்சைத் தொப்பிக்குள் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கதவு வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே போனாள் தாய். உள்ளே வரக்கூடாது என்று நர்ஸ் சைகை காட்டியபோது, "வந்துட்டேல்ல, போதும்மா" என்றாள் மகள். அந்த ஒரு வார்த்தைக்காக இவள் இன்னும் பத்துக் கவுண்டர்களில் போய் நின்றிருப்பாள்.

பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் மூச்சு சீராக இருக்கிறது, கொஞ்ச நாள் சூட்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பெட்டிக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் துணியில் சுற்றிப் பாட்டி கையில் ஒரு நிமிஷம் கொடுத்தாள். மாப்பிள்ளை தன் ஃபோனில் படம் எடுத்தான். அவள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் வந்து உட்கார்ந்து அந்தப் படத்தைக் கணவருக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "யார் மாதிரி? பெரிய சைஸ்ல ஒண்ணு போட்டுக் கடையில மாட்டவா?"

அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றியிலும் இமையிலும் செந்திட்டுகள் இருந்தன. வெளியே எடுக்கும்போது பட்ட அழுத்தம், நாலு நாளில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசுகிற பொத்தானை அழுத்திக்கொண்டு, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சொன்னாள்.

"போடுங்க. மாட்டுங்க. பிள்ளை மூஞ்சியில செவப்பா ரெண்டு இடத்துல இருக்கு. அதுவா போறப்ப போகட்டும். நீங்க கை வைக்காதீங்க."

பக்கத்தில் மச்சத்தோடு தன் முகமும் இருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் மாப்பிள்ளை கதவைத் திறந்து, மகள் கண் விழித்துவிட்டாள், கூப்பிடுகிறாள் என்றான். அவள் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.